சிகிச்சை முடிந்த இரவு எங்கே தங்குவது?

மதுவுக்கோ வலிமாத்திரைக்கோ அடிமையாகி, சிகிச்சை பெற்று வெளியேறும் முன்னாள் படைவீரரிடம் நான் தவறாமல் கேட்பது இது: "இன்று இரவு எங்கே தங்குவீர்கள்?" பழைய அறை, பழைய நண்பர்கள் என்றால் எனக்குப் பயம் வந்துவிடும்.

இந்தப் பயத்துக்கு ஆதாரம் உண்டு. 1971இல் வியட்நாமிலிருந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களை லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் ஆராய்ந்தார். ஏறக்குறைய ஐந்தில் ஒருவர், அங்கே தாம் போதைக்கு அடிமையாகியிருந்ததாகச் சொன்னார். ஊர் திரும்பியபின் அவர்களில் பெரும்பாலோர் மீண்டும் அடிமையாகவில்லை. இடம் மாறியதும் அதற்கு ஒரு பெரிய காரணம். இன்று என்னிடம் வருபவர்களின் நிலையோ தலைகீழ். அவர்கள் குடித்ததே சொந்த வீட்டில்தான்.

அதனால்தான், போதையை விட்டவர்கள் சேர்ந்து வாழும் ஆக்ஸ்போர்டு ஹவுஸ் போன்ற கூட்டு இல்லங்களைப் பரிந்துரைக்கிறேன். 1975இல் மேரிலாண்டின் சில்வர் ஸ்பிரிங்கில், மூடப்படவிருந்த ஒரு மீட்பு இல்லத்தை பால் மொல்லாயும் உடன் தங்கியவர்களும் தாங்களே வாடகைக்கு எடுத்து நடத்தத் தொடங்கினார்கள். கண்காணிப்பாளர் கிடையாது. செலவைப் பகிர்ந்துகொள்கிறார்கள், பொறுப்பாளர்களை வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். மீண்டும் குடித்தவர் வெளியேற வேண்டும். மற்றபடி தங்குவதற்குக் காலவரம்பு இல்லை. சிகிச்சை முடித்த 150 பேரை வைத்து டிபால் பல்கலைக்கழகத்தினர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு ஆண்டுகளுக்குப் பின் இந்த இல்லங்களுக்கு அனுப்பப்பட்டவர்களில் 31 சதவீதத்தினரும், வழக்கமான வழியில் போனவர்களில் 65 சதவீதத்தினரும் போதையைப் பயன்படுத்தியிருந்தனர்.

இவை எல்லோருக்குமான இல்லங்கள்தான். ஆனாலும் படையில் இருந்தவர்கள் விரைவில் ஒன்றிவிடுகிறார்கள். முறை வைத்துச் சமைப்பதும் பெருக்குவதும் அவர்களுக்குப் பழகிய வாழ்க்கை. சிரமம் இரவில்தான். போர்க்கனவில் அலறி எழுபவர், அறையைப் பகிரும் தோழரிடம் அதை முன்பே சொல்லிவிட வேண்டும்.

இல்லம் மருத்துவமனை ஆகாது. நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிரும் போகலாம். அந்தக் கட்டத்தை மருத்துவர் மேற்பார்வையில் கடந்த பிறகே இல்லம். ஹெராயின், வலிமாத்திரை போன்றவற்றின் மீதான ஏக்கத்தைக் குறைக்கும் பியூப்ரெனார்பின் எடுப்பவர்கள், அந்த மருந்தை ஏற்கும் இல்லம்தானா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். இடம் கிடைப்பதற்காக மருந்தை நிறுத்தாதீர்கள். ஹெராயின் போன்றவற்றை விட்டு மாதக்கணக்கான பின் பழைய அளவை எடுத்தால் உடல் தாங்காது. ஆகவே, அப்படி அளவு மீறியவரின் மூச்சை மீட்கும் நலோக்சோன் மருந்து எல்லா இல்லங்களிலும் இருக்க வேண்டும். விதியை மீறியதற்காக ஒருவரை வெளியேற்றினாலும் நடுத்தெருவில் விடாமல், அன்றே சிகிச்சை மையத்தில் சேர்த்துவிட வேண்டும்.

"சொந்த வீடு இருக்க, அந்நியர்களோடு எதற்கு?" என்று மனைவியர் கலங்குகிறார்கள். இத்தனை ஆண்டுகள் காவல் இருந்தது போதும் அம்மா, கொஞ்ச காலம் நீங்களும் நிம்மதியாகத் தூங்குங்கள் என்கிறேன். அவர் ஞாயிற்றுக்கிழமை வந்து பிள்ளைகளைப் பார்க்கட்டும். வாடகைப் பங்கை மட்டும் அவரே உழைத்துக் கட்டட்டும்.