லாபத்தைப் பூட்டி வச்சுட்டு அரசாங்கத்தைச் சிக்கனமா இருக்கச் சொல்லாதீங்க

செப்டம்பர் கடைசி வந்தா சேலத்துல எந்த ஆடிட்டர் ஆபீஸ்லயும் ராத்திரி பத்து மணிக்கு முன்ன லைட் அணையாது. அப்படி ஒரு ராத்திரி ஒரு கம்பெனி பேலன்ஸ் ஷீட் ஆடிட்டரான என் கையெழுத்துக்கு வந்துச்சு. லாபம் ரெண்டு வருஷத்துல டபுள். சொத்துப் பட்டியலைத் திருப்பினா அந்த வருஷம் புதுசா வாங்குனது ஒரே ஒரு ஏசி. ஷெட்ல ஓடுற மெஷின் எல்லாம் வருஷா வருஷம் 15% தேய்மானம் கழிச்சுக் கழிச்சு புத்தகத்துல காயலான் கடை ரேட்டுக்கு வந்துடுச்சு. பணம் எங்கன்னு பாத்தா பாதி பேங்க் டெபாசிட்ல, மீதி ஓமலூர் ரோட்டுல மனை. எதிர்ல உக்காந்திருந்த முதலாளி சொல்றாரு, "அரசாங்கம் செலவக் குறைக்கணுங்க சார், வரவுக்குள்ள குடும்பம் நடத்தத் தெரியாம நாடு எப்படிங்க உருப்படும்?" இதை நான் கேக்காத வருஷமே இல்ல, அதனாலதான் இன்னைக்கு எழுதியே ஆகணும்னு உக்காந்துட்டேன்.

குடும்பமும் அரசாங்கமும் ஒண்ணு இல்லைங்க. நீங்க வீட்டுல செலவக் குறைச்சா உங்க சம்பளம் குறையாது, ஏன்னா அது வேற இடத்துல இருந்து வருது. அரசாங்கம் செலவக் குறைச்சா அது நேரா இன்னொருத்தர் வருமானத்துல போய் விழும், அவர் செலவக் குறைப்பாரு, அப்புறம் அவர்கிட்ட விக்கிறவருக்கு வியாபாரம் குறையும், கடைசில ஜிஎஸ்டியும் வருமான வரியும் குறைஞ்சு மிச்சம் பிடிச்ச அரசாங்கத்துக்கே வரவு குறையும். விசைத்தறி பக்கம் போய்ப் பாருங்க. ஸ்கூல் யூனிஃபார்ம் துணி, பொங்கல் வேட்டி சேலை ஆர்டர் தள்ளிப் போச்சுன்னா முதல்ல தறி நிக்கும். தறி நின்னா தறிக்கு நூல் தார் சுத்துற அம்மாவுக்கு வேலை இல்ல, பாவு நூலுக்குக் கஞ்சி போடுற சைசிங்ல வேலை இல்ல, நூல் மில்லுல ஸ்டாக் தேங்கும். அந்த அம்மா பொண்ணுக்குக் கொலுசு வாங்குறத அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு விட்டுருவாங்க. இப்போ செவ்வாப்பேட்டைல கொலுசுப் பட்டறை வச்சிருக்கவருக்கு ஆர்டர் ஏன் குறைஞ்சுச்சுன்னே புரியாது. இதே சங்கிலிதான் சிமெண்ட்டுக்கும் பைப்புக்கும் உங்க மெஷின்ல அடிக்கிற சரக்குக்கும்.

கிரீஸ் நாட்டுல 2010ல இருந்து இதைத்தான் பண்ணாங்க. சம்பளம், பென்ஷன், ஆஸ்பத்திரிச் செலவு எல்லாத்தையும் வெட்டினாங்க. பொருளாதாரமே கிட்டத்தட்ட கால்வாசி சுருங்கிப் போச்சு, இளைஞர்கள்ல வேலை தேடுறவங்கள்ல பாதிக்கு மேல வேலை கிடைக்காம நின்னாங்க, வருமானத்தோட ஒப்பிட்டா கடன் குறையல, ஏறுச்சு.

அரசாங்கம் கண்ணை மூடிக்கிட்டு செலவு பண்ணட்டும்னு நான் சொல்ல வரல. நான் கணக்கு பாக்குறவன், வீண் செலவு எங்க இருந்தாலும் பிடிக்கணும். தனியார் கம்பெனிங்க போட்டி போட்டு முதலீடு பண்ற காலத்துல அரசாங்கம் கைய இழுத்துக்கலாம், தப்பில்ல. கம்பெனிங்களும் பூட்டி வச்சு அரசாங்கமும் பூட்டி வச்சா ஊர்ல யாருங்க செலவு பண்றது?

பூட்டி வைக்கிறது இல்லைன்னு சொல்றவங்களுக்கு ரெண்டு கணக்கு. 2019 செப்டம்பர்ல, மத்த வரிச் சலுகைங்களை விட்டுக் குடுக்குற கம்பெனிங்களுக்கு வரிய 22 சதவீதமா குறைச்சாங்க, சர்சார்ஜ் செஸ் எல்லாம் சேத்து 25.17. இதனால வருஷத்துக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருமானம் போகும்னு அரசாங்கமே சொல்லுச்சு. 2019-20ல இருந்து 2022-23க்குள்ள 33,000க்கு மேல கம்பெனிங்களோட வரிக்கு முந்தின லாபம் கிட்டத்தட்ட நாலு மடங்கு ஆச்சுன்னு மத்திய அரசோட பொருளாதார ஆய்வறிக்கைலயே இருக்கு. அடுத்த வருஷ அறிக்கைல, 2023-24ல பெரிய கம்பெனிங்க லாபம் 22.3% ஏறுச்சு, வேலைவாய்ப்பு 1.5% தான் ஏறுச்சுன்னு இருக்கு.

அந்த 22% ரூட்ல போறவங்களுக்கு புது மெஷினுக்குக் கிடைக்கிற 20% கூடுதல் தேய்மானம், அதாவது வரி போடுற லாபத்துல இருந்து கூடுதலாக் கழிச்சுக்கிற தொகை, கிடையாது. மெஷின் வாங்கினவனுக்கும் அதே ரேட், மனை வாங்கினவனுக்கும் அதே ரேட். சலுகைய மெஷினோட கட்டாம லாபத்தோட கட்டினதுதான் கோளாறுன்னு நான் உறுதியா நினைக்கிறேன். 2013ல இருந்து 2017 மார்ச் வரைக்கும் புது மெஷின் போட்டா அதோட விலைல 15%ஐ லாபத்துல இருந்து தனியாக் கழிச்சுக்க விட்டாங்க, ஆனா முதல்ல 100 கோடி, அப்புறம் இறக்கி 25 கோடி முதலீடு பண்ணாத்தான் கிடைக்கும். சேலத்துல எத்தனை பேருக்கு அது எட்டும்? அதையே 50 லட்சத்துல இருந்து குடுத்துப் பாக்கட்டும். ஐரோப்பாவுல இருக்கிற எஸ்டோனியா நாட்டுல 2000ல இருந்து கம்பெனிக்குள்ளயே வச்சிருக்கிற லாபத்துக்கு வரியே கிடையாது, பங்குதாரருக்குப் பிரிச்சுக் குடுக்குற டிவிடெண்டா வெளிய எடுத்தாத்தான் வரி.

"எங்க லாபம் ரிசர்வ்லதானே சார் இருக்கு, அது முதலீடு இல்லையா"ன்னு நிறைய பேர் கேக்குறாங்க. இல்லைங்க. ரிசர்வ்ங்கிறது பணம் யாரோடதுன்னு சொல்ற பக்கம். அது எங்க போச்சுன்னு தெரியணும்னா சொத்துப் பக்கம் பாக்கணும். அங்க மெஷின் இருக்கா, டெபாசிட் இருக்கா, டைரக்டருக்குக் குடுத்த கடன் இருக்கா? அந்தக் கடன் விவகாரத்துல ஜாக்கிரதையா இருங்க, பங்குதாரர் தன் கம்பெனில கடன்னு எடுத்தா அதை டிவிடெண்டாவே பாத்து வரி போட சட்டத்துல வழி இருக்கு.

வெளிய எடுக்கணும்னு துடிக்கிறவங்க ஒரு தடவை கணக்குப் போடுங்க. நூறு ரூபாய் லாபத்துல கம்பெனி வரி போக ஏறக்குறைய 75, அதை டிவிடெண்டா எடுத்து 30% ஸ்லாப்ல வரி கட்டினா கைல நிக்கிறது ஏறக்குறைய பாதி. அதே பணத்த ஆத்தூர் பக்கம் சில சேகோ (ஜவ்வரிசி) ஃபேக்டரிக்காரங்க கழிவுத் தண்ணில இருந்து பயோகேஸ் எடுக்குற பிளான்ட்டுல போட்டாங்க. குச்சிக்கிழங்கு அரைச்சு வடியுற தண்ணி ஓடைல கலந்து நாறிக்கிட்டு இருந்தது, இப்போ அதே தண்ணி எரிவாயுவாகி கரண்ட் பில்லக் குறைக்குது, பக்கத்து ஊர்க்காரங்ககிட்ட சண்டையும் இல்ல.

22% ரூட்டுக்கு ஒரு தடவை மாறிட்டா திரும்ப வர முடியாது, அதனால பெரிய மெஷின் வாங்குற யோசனை இருந்தா கையெழுத்துக்கு முன்ன கேளுங்க. மெஷின மார்ச்ல வாங்கி ஓட்டினா அந்த வருஷம் பாதித் தேய்மானம்தான், 180 நாள் ஓடணும், அக்டோபர் முதல் ரெண்டு நாளைத் தாண்ட விடாதீங்க. உங்களுக்குச் சரக்கு குடுத்த சின்னப் பட்டறைக்காரர் பணத்த 45 நாளுக்குள்ள குடுத்துருங்க, எழுத்துல ஒப்பந்தம் இல்லைன்னா 15 நாள்தான், தாமதிச்சு மார்ச் 31க்குள்ளயும் குடுக்கலைன்னா அந்த வருஷம் அதைச் செலவாவே எடுத்துக்க முடியாது. உங்க டெபாசிட்டுக்கு வட்டி வருது, அவர் அதே பணத்துக்கு கந்து வட்டி கட்டுறாரு, தயவுசெஞ்சு இதை நிறுத்துங்க. ஆளுங்களுக்குப் புது மெஷின்ல ட்ரெய்னிங் குடுக்குற செலவையும் முதலீடாப் பாருங்க.

டிசம்பர் 15க்கு அட்வான்ஸ் டாக்ஸ் கட்டணும்ல, அதுக்கு வரும்போது மெஷின் கொட்டேஷன் ரெண்டு மூணு கைல எடுத்துட்டு வாங்க, உக்காந்து கணக்குப் போட்டுப் பாத்துரலாம்.