மாடிக் கூரை ஷீட்: எம்.எம். கேட்கும் முன் ஜி.எஸ்.எம். கேளுங்கள்

மொட்டைமாடிக்கு மேல் ஷீட் போடுவது இப்போது தமிழ்நாட்டில் எல்லா ஊரிலும் நடக்கிறது. தளம் சூடேறக்கூடாது, மழை ஒழுகக்கூடாது, துணி காயப்போட இடம் வேண்டும் என்று ஆளுக்கொரு காரணம். கடைக்குப் போனதும் முதல் கேள்வி 'எத்தனை எம்.எம்.?', அடுத்தது 'என்ன கலர்?'. கூரையின் ஆயுளைப் பெரும்பாலும் முடிவு செய்யும் எண்ணை மட்டும் கேட்காமலே வந்துவிடுகிறோம். அதுதான் ஜி.எஸ்.எம்., அதாவது துருவைத் தடுக்க எஃகின்மேல் ஏற்றிய உலோகப் பூச்சின் எடை.

ஷீட்டின் நடுவில் இருப்பது எஃகு. 1829-இல் லண்டன் துறைமுகப் பொறியாளர் ஹென்றி பால்மர் நெளிவுத் தகட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். நெளிவு இருந்ததால் மெல்லிய தகடும் தொங்காமல் நின்றது, ஆனால் துரு விடவில்லை. உருகிய துத்தநாகத்தில் இரும்பை முக்கி எடுக்கும் முறைக்கு 1837-இல் பிரான்ஸில் ஸ்தனிஸ்லாஸ் சொரேல் காப்புரிமை பெற்றார். இன்று நாம் ஜி.ஐ. ஷீட் என்று வாங்குவதும் அப்படி முக்கி எடுத்ததுதான், சுமார் 450 டிகிரி செல்சியஸில்.

துத்தநாகம் வெறும் மூடியாக மட்டும் இருப்பதில்லை. எஃகைவிட எளிதாக எலக்ட்ரான்களை விட்டுக்கொடுக்கும் உலோகம் அது. கீறல் விழுந்தோ துளை போட்டோ எஃகு வெளியே தெரிந்தாலும், ஈரம் பட்டதும் முதலில் கரைவது பக்கத்தில் இருக்கும் துத்தநாகம்தான். அது தீரும்வரை எஃகு தப்பிக்கும். அப்படியானால் எவ்வளவு துத்தநாகம் கையிருப்பில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. அதைச் சொல்வது ஜி.எஸ்.எம்., அதாவது ஒரு சதுர மீட்டர் ஷீட்டின் இரு பக்கமும் சேர்ந்து எத்தனை கிராம் பூச்சு என்ற கணக்கு. 275 ஜி.எஸ்.எம். என்றால் ஒரு பக்கத்துக்குச் சுமார் 19 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). 120 என்றால் 8 மைக்ரான் சொச்சம். ஒரே இடத்தில் துத்தநாகம் ஏறக்குறைய சீரான வேகத்தில்தான் தேயும். ஆகவே கடையில் ஒரே மாதிரி தெரியும் இரண்டு 0.5 எம்.எம். ஷீட்டுகளில் ஒன்றின் ஆயுள் மற்றதைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருக்கலாம்.

அடுத்தது கால்வால்யூம். அமெரிக்காவின் பெத்லகேம் ஸ்டீல் நிறுவனம் 1972-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த பூச்சு. எடையில் 55 சதவீதம் அலுமினியம், 43.4 துத்தநாகம், 1.6 சிலிக்கான். அலுமினியம் தன்மேல் தானே ஒரு ஆக்சைடு படலத்தைக் கட்டிக்கொண்டு மழையையும் காற்றையும் தாங்கும். ஊடே இருக்கும் துத்தநாகம் வெட்டு ஓரங்களைக் காக்கும். கொஞ்சூண்டு சிலிக்கான் எதற்கு? உருகிய அலுமினியம் எஃகோடு மூர்க்கமாக வினைபுரிந்து, எளிதில் உடையும் தடித்த அடுக்கை உண்டாக்கிவிடும். அதை அடக்கத்தான். அலுமினியம் லேசானது என்பதால் 150 ஜி.எஸ்.எம். பூச்சே பக்கத்துக்கு 20 மைக்ரான் தந்துவிடும். அதே தடிமனுள்ள வெறும் துத்தநாகத்தைவிடப் பெரும்பாலான இடங்களில் இது வெகுகாலம் நிற்கும்.

இதற்கும் எதிரிகள் உண்டு. அலுமினியத்துக்குக் காரம் ஆகாது. ஷீட் சுவரைத் தொடும் இடத்தில் ஒழுகுகிறது என்று சிமென்ட் கலவையை அப்பி அடைப்பது நம் ஊர் வழக்கம். ஈரச் சிமென்ட் கடுமையான காரம், பூச்சை அந்த ஓரத்திலேயே அரித்துவிடும். அங்கே மடித்த தகடும் சீலன்ட்டும்தான் சரி. மாட்டுக் கொட்டகையின் அம்மோனியாவும் அப்படியே கெடுதல்.

கடலுக்குப் பக்கத்தில் வீடு என்றால் முழு அலுமினிய ஷீட்டை யோசிக்கலாம். விலை கூடுதல். விறைப்பு எஃகில் மூன்றில் ஒரு பங்குதான், அதனால் தடிமனும் கூட்ட வேண்டும். வெயிலில் எஃகைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும்: 6 மீட்டர் ஷீட் 40 டிகிரி சூடேறினால் 5.5 மில்லிமீட்டர் நீளும். ஸ்க்ரூ துளையில் அதற்கு இடம் விடாவிட்டால் துளை கிழிந்து பெரிதாகும். உப்பு ஈரத்தில் அலுமினியம் நேராக எஃகுச் சட்டத்தைத் தொடவும் கூடாது, நடுவில் பெயின்ட்டோ டேப்போ வேண்டும்.

சரி, வெப்பம். 'பளபளப்பாக இருந்தால் வெயிலைத் திருப்பிவிடும், அதனால் குளிர்ச்சி' என்ற நம்பிக்கை பாதிதான் உண்மை. வெயிலில் கிடந்த எவர்சில்வர் தட்டைத் தொட்டால் கை சுடுகிறதே! தட்டு வாங்கிய வெப்பம் குறைவுதான், ஆனால் அதை வெளியே விடத் தெரியவில்லை. சூடான எந்தப் பரப்பும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களாக வெப்பத்தை உமிழும். பெயின்ட் பூசிய பரப்பு, அந்தச் சூட்டில் உமிழக்கூடிய உச்ச அளவில் 85 முதல் 90 சதவீதம்வரை உமிழ்ந்துவிடும். பளபளக்கும் வெறும் உலோகம் பெரும்பாலும் கால் பங்கைக்கூடத் தாண்டாது. புதுக் கால்வால்யூமும் வெள்ளைப் பெயின்ட் ஷீட்டும் வெயிலைத் திருப்புவதில் கிட்டத்தட்ட சமம் என்றாலும் நடுப்பகலில் வெள்ளைதான் குறைவாகச் சுடும். அடர் சிவப்பும் நீலமும் உமிழ்வதில் வெள்ளைக்குச் சளைத்தவை அல்ல, ஆனால் வெயிலில் பாதிக்கு மேல் உள்ளே வாங்கிக்கொள்ளும். தெருவில் பார்க்க அழகாகத்தான் இருக்கும். அதற்கு விலை கொடுப்பது கீழே உட்காருபவர். நான் வெள்ளையைத்தான் சொல்வேன், இல்லையென்றால் சந்தன நிறம்.

அடிப்பக்கத்தில் கணக்கு தலைகீழ். அங்கே உமிழ்வது நம் தலைமேல் என்பதால் பளபளப்பே நல்லது. ஷீட்டுக்கு அடியில் அலுமினிய ஃபாயில் ஒட்டிய பபிள் ஷீட் விரிப்பது அதற்காகத்தான். அந்தப் பளபளப்பான முகத்துக்கு எதிரில் காற்றிடைவெளி இருக்க வேண்டும். அதோடு ஒட்டி பி.வி.சி. சீலிங் அடித்துவிட்டால் ஃபாயிலுக்கு வேலை இல்லை.

இப்போது எம்.எம்.முக்கு வரலாம். கடைக்காரர் சொல்லும் 0.5 எம்.எம். பெரும்பாலும் பூச்சும் பெயின்ட்டும் சேர்ந்த கணக்கு. அவற்றைக் கழித்தால் எஃகு சுமார் 0.43 தான். 'பேஸ் மெட்டல் எவ்வளவு?' என்று கேட்டு, பில்லில் ஜி.எஸ்.எம்.மோடு சேர்த்து எழுதி வாங்குங்கள்.

தடிமன் கூடினால் புயலுக்குத் தாங்கும் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். இந்தியத் தர நிர்ணயப்படி சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர். அந்தக் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 150 கிலோ எடைக்குச் சமம், ஷீட்டின் எடையோ 4 கிலோ சொச்சம். கூரையின் மேல் பாயும் காற்று அதை மேல்நோக்கி உறிஞ்சும், ஓரங்களிலும் மூலைகளிலும் இன்னும் பலமாக. 2018-இல் கஜா புயல் டெல்டாவில் எத்தனையோ வீட்டுக் கூரைகளைப் பிய்த்துப்போட்டது. பிடித்து நிறுத்துவது ஸ்க்ரூவும், அது இறங்கும் பர்லினும் (ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம்), பர்லினைச் சுவரோடு கட்டும் ஆங்கர் போல்ட்டும்தான். ஆகவே ஓரங்களில் ஸ்க்ரூவை நெருக்கிப் போடச் சொல்லுங்கள்.

ஸ்க்ரூவை அளவோடு இறுக்க வேண்டும், ரப்பர் வாஷர் நசுங்கிப் பிதுங்கினால் அங்கேதான் முதல் ஒழுகல். அப்புறம், கட்டிங் வீலால் ஷீட்டை அறுக்க விடாதீர்கள். அந்தச் சூடு ஓரத்துப் பூச்சை எரித்துவிடும், தெறிக்கும் பொறி பெயின்ட்டில் பதிந்து சீக்கிரமே துருப்புள்ளியாகும். தகடு வெட்டும் கத்தரியால் வெட்டி, வேலை முடிந்த அன்றே இரும்புத் துகளைக் கூட்டி எடுக்கச் சொல்லுங்கள்.