பனியன் இல்லை, பெருவிரல் கோணல்

கால் பெருவிரலின் அடியில், பாதத்தின் ஓரமாக மேடு துருத்துகிறதென்று மூன்று வருடம் முன்பு அத்தையை எலும்பு மருத்துவரிடம் அழைத்துப் போயிருந்தேன். அவர் பாதத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பனியன்மா, பயப்பட ஒண்ணும் இல்ல" என்றார். வெளியே வந்து செருப்பை மாட்டும்போது அத்தை கேட்டார்: "ஏன்டா, காலுக்கு எதுக்குப் பனியன்?"

நியாயமான கேள்வி. நாம் சட்டைக்குள் போடும் பனியன், வணிகனைக் குறிக்கும் குஜராத்திச் சொல்லான 'வாணியோ' வெள்ளைக்காரர் வாயில் புகுந்து, அந்த வணிகர்கள் உடுத்திய தளர்ந்த மேலாடைக்குப் பெயராகி, நம்மிடம் திரும்பி வந்தது. காலில் வருகிற பனியனுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இது 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து ஆங்கிலத்தில் எழுத்தில் கிடைக்கும் சொல். அடிபட்டு வீங்கிய மேட்டைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல் 'பூய்ன்'. அதன் வழியே வந்திருக்கலாம் என்று சொல்லாராய்ச்சிக்காரர்கள் கருதுகிறார்கள். எண்ணெயில் போட்டால் உப்பி வரும் 'பேன்யே' என்ற பிரெஞ்சுப் பலகாரத்தின் பெயரும் அதே வேர்தான். நாமும் குழந்தை நெற்றியில் இடித்துக்கொண்டால் "போண்டா மாதிரி வீங்கிடுச்சு" என்றுதானே சொல்கிறோம்!

ஆக, ஆங்கிலப் பெயர் சொல்வது மேட்டை மட்டும். நம் ஊரிலும் "கட்டைவிரல் பக்கத்துல எலும்பு வளந்திருக்கு" என்பார்கள். சிலர் கால் ஆணி என்றே முடித்துவிடுவார்கள். ஆணி என்பது தோல் தடித்து இறுகுவது, அது வேறு சமாச்சாரம். எலும்பு வளர்ந்திருக்கிறது என்பதும் பெரும்பாலும் சரியில்லை. அங்கே புதிதாக முளைத்தது அதிகம் கிடையாது. இருந்த எலும்பு இடம் மாறி, அதன் தலை வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது.

அத்தையின் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபோது இது எனக்கே பளிச்சென்று தெரிந்தது. பெருவிரலுக்குப் பின்னால், பாதத்துக்குள் ஒரு நீண்ட எலும்பு ஓடுகிறது. அது மற்றதை விட்டு விலகி அடுத்த காலைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. அதன் நுனியில் பொருந்தியிருக்கும் விரலோ நேர் எதிர்ப்பக்கம், இரண்டாம் விரலை நோக்கிச் சாய்ந்திருந்தது. இரண்டும் சேருகிற முனைதான் மேடு. முழங்கையை மடக்கினால் முட்டி துருத்துகிறதே, அப்படி. விரலின் சாய்வு சாதாரணமாக 15 டிகிரிக்குள் இருக்கும். முதல் நீள எலும்புக்கும் இரண்டாவதற்கும் இடையிலான கோணம் 9 டிகிரியைத் தாண்டாது. இவை கூடக்கூட மேடும் கூடும். அந்த மேட்டின் மீது செருப்பு உரச உரச, தோலுக்கடியில் உள்ள நீர்ப்பை அழன்று வீங்கிச் சிவக்கும்.

முதல் கோணல் முற்றும் கோணல் என்பதை இந்தப் பாதத்தைப் பார்த்துத்தான் சொன்னார்களோ என்னவோ. மூட்டின் உட்பக்க உறை இழுபட்டுத் தளர்கிறது, வெளிப்பக்க உறை சுருங்கி இறுகுகிறது. மூட்டுக்கு அடியில் தசைநாணுக்குள் இரண்டு குட்டி எலும்புகள் உண்டு. கிரேக்கர் எள்ளின் பெயரை வைத்தார்கள்; பெயர்தான் எள், அளவு பட்டாணி. நீள எலும்பின் தலை அவற்றின் மேல்தான் உட்கார்ந்திருக்க வேண்டும். கோணல் வந்ததும் தலை நழுவிப் போகிறது, எள் எலும்புகள் இருந்த இடத்திலேயே நிற்கின்றன. விரலைத் தூக்கும் நாண் நடுவை விட்டு விலகி, வில்லின் நாண்போலக் குறுக்கே இழுக்க ஆரம்பிக்கிறது. அதன்பின் ஒவ்வொரு அடியும் கோணலைக் கூட்டத்தான் செய்யும். விரலும் தன் அச்சில் சுழன்று, நகம் பக்கவாட்டில் பார்க்கும். பெருவிரல் சுமக்க வேண்டிய பாரம் இரண்டாம் விரலின் அடிப்பகுதிக்குப் போய், அங்கே காய்ப்பு விழும். இடமில்லாத இரண்டாம் விரல் மடங்கி மேலே ஏறிக்கொள்ளும். அத்தை மெட்டியைக் கழற்றியது அதனால்தான். நாங்கள் கால் வீக்கம் என்று நினைத்திருந்தோம்.

மருத்துவர்கள் எழுதும் பெயர் 'ஹாலக்ஸ் வால்கஸ்'. 1870-ஐ ஒட்டி கார்ல் ஹியூட்டர் என்ற ஜெர்மன் அறுவை மருத்துவர் வைத்தது. ஹாலக்ஸ் என்றால் கால் பெருவிரல். வால்கஸ் கொஞ்சம் வம்பான சொல். பழைய லத்தீனில் அது வில்லாக வளைந்த காலைக் குறித்தது; இன்றைய மருத்துவத்தில் நேர்மாறாக முட்டி தட்டும் காலுக்கு வழங்குகிறது. பொதுவில், உடலின் நடுக்கோட்டை விட்டு வெளிப்புறம் சாய்வது வால்கஸ். அப்படியே தமிழாக்கினால் 'பெருவிரல் புறக்கோணல்'. பாடநூலுக்குச் சரி. நோயாளியிடம் சொன்னால் குழம்புவார், ஏனென்றால் அவர் கண்ணுக்கு விரல் உள்ளே, மற்ற விரல்கள் பக்கம்தான் போயிருக்கிறது. அதனால் பேச்சுக்கு 'கால் பெருவிரல் கோணல்' போதும் என்பது என் கட்சி. 'கால்' வேண்டும், கையிலும் பெருவிரல் உண்டே. மேட்டை மட்டும் சொல்ல 'புடைப்பு' இருக்கிறது. 'முண்டு' என்றும் சொல்லலாம்தான், ஆனால் நாகர்கோவில் பக்கம் வேட்டி என்று நினைப்பார்கள். ஒரு துணியை விட்டு இன்னொரு துணிக்குத் தாவுவானேன்?

பெயரில் இவ்வளவு பிடிவாதம் எதற்கென்றால், எலும்பு வளர்ந்தது என்று நம்புகிறவர் "அதைச் சீவி விட்டுடுங்க டாக்டர்" என்பார். மேட்டை மட்டும் சீவினால் கோணல் அப்படியே இருக்கும், மேடும் திரும்ப வரும். இன்றைய அறுவைகள் பெரும்பாலும் எலும்பை வெட்டி நேராக்கிப் பொருத்துபவை.

காரணத்தில் பரம்பரைக்குப் பெரிய பங்கு, செருப்புக்கும் பங்கு. ஹாங்காங்கில் 1958-ல் வெளியான ஆய்வில், ஷூ போடுகிறவர்களில் 33 சதவீதம் பேருக்கு ஓரளவாவது இந்தக் கோணல். வெறுங்காலோடு திரிந்தவர்களில் 1.9 சதவீதம்தான். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் தோண்டியெடுத்த 177 எலும்புக்கூடுகளை ஆராய்ந்து 2021-ல் வெளியிட்டார்கள். 11 முதல் 13-ஆம் நூற்றாண்டு வரை 6 சதவீதம் இருந்தது, 14, 15-ஆம் நூற்றாண்டுகளில் 27 சதவீதம் ஆகியிருக்கிறது. கூர்மூக்கு ஷூ அங்கே மோஸ்தரான காலம் அது. ஒரு துறவி மடத்தில் அடக்கம் செய்யப்பட்டவர்களிடம் இன்னும் அதிகம். சாமியார்களையும் மோஸ்தர் விடவில்லை போலும்.

இதற்கு ஒரு தம்பியும் உண்டு. சுண்டுவிரல் பக்கம் இதேபோல் புடைப்பது. சம்மணமிட்டுத் தைத்த தையல்காரர்களுக்குப் பாதத்தின் வெளிவிளிம்பு தரையில் அழுந்தி இது வந்ததாம், அதனால் ஆங்கிலத்தில் 'டெய்லர்ஸ் பனியன்'. தமிழில் சுண்டுவிரல் கோணல் என்றே சொல்லிவிடலாம். தையல்காரர் பனியன் என்று சீட்டில் எழுதினால், அத்தை திருப்பூருக்கே பஸ் ஏறிவிடுவார்.