பாண்டா குரங்கான கணக்கு

பாண்டா படம் ஒன்றைக் கணினிக்குக் காட்டினார்கள். ‘பாண்டா’ என்றது, 57.7 சதவீத நம்பிக்கையோடு. அதே படத்தில் மிக மெல்லிதாக ஒரு புள்ளிக்கோலத்தைக் கலந்து மறுபடி காட்டினார்கள். நம் கண்ணுக்கு அதே பாண்டாதான். கணினியோ 99.3 சதவீத நம்பிக்கையோடு ‘கிப்பன் குரங்கு’ என்றது. இயன் குட்ஃபெல்லோவும் சக ஆய்வாளர்களும் 2014-ல் வெளியிட்ட கட்டுரையில் வரும் படம் இது. சரியான விடையில் இல்லாத தெம்பு தப்பான விடையில் வந்ததுதான் வேடிக்கை.

கலந்தது வெறும் இரைச்சல் இல்லை, கணக்குப் போட்டுச் செய்தது. கணினிக்குப் படம் பார்க்கக் கற்றுக்கொடுக்கும்போது படத்தைத் தொடமாட்டார்கள். பிழை குறையும்படி உள்ளேயிருக்கும் எண்களைத் திருத்துவார்கள். இங்கே அதே கணக்கைத் தலைகீழாகப் போடுகிறார்கள். உள்ளே எதையும் தொடாமல், பிழை ஏறும்படி படத்தைத் திருத்துகிறார்கள். ஒவ்வொரு பிக்சலையும் கூட்டினால் பிழை ஏறுமா, குறைத்தால் ஏறுமா என்று பார்த்து, அந்தப் பக்கம் ஒரு துளி நகர்த்துவார்கள்.

ஒரு துளி எப்படிப் போதும்? 224-க்கு 224 பிக்சல் படத்தில் சிவப்பு, பச்சை, நீலம் எல்லாம் சேர்த்து 1,50,528 எண்கள். ஒவ்வொன்றின் நகர்வும் அற்பம்தான், ஆனால் அத்தனையும் ஒரே பக்கம் தள்ளுகின்றன. தாறுமாறான இரைச்சலில் ஒன்று இப்படித் தள்ள, இன்னொன்று அப்படித் தள்ள, பெரும்பாலும் கழிந்துபோகும்.

சரி, இதெல்லாம் திரைக்குள் மட்டும்தானா? 2017-ல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக மாணவர்கள் முப்பரிமாண அச்சில் ஓர் ஆமை பொம்மை செய்தார்கள். பெரும்பாலான கோணங்களில் கணினி அதைத் துப்பாக்கி என்றது. 2018-ல் வெளியான ஓர் ஆய்வில் வேறொரு குழுவினர், ‘நில்’ பலகையில் சில கறுப்பு வெள்ளை ஒட்டுத்துண்டுகள் ஒட்டி, அதை வேக வரம்புப் பலகையாக வாசிக்க வைத்தார்கள்.

இதைக் கணினியின் மடத்தனம் என்று தள்ளிவிடலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், 2019-ல் எம்ஐடியில் நடந்த சோதனையைப் படிக்கும்வரை. உதாரணமாக, நாய்ப் படத்தை இப்படித் திருத்திக் கணினியைப் ‘பூனை’ என்று சொல்ல வைப்பார்கள். அப்புறம் அதற்குப் ‘பூனை’ என்றே பெயரும் எழுதுவார்கள். பார்க்கிற நமக்கு எல்லாப் பெயரும் தப்பு. இப்படிப்பட்ட படங்களை மட்டும் வைத்துப் புதிதாக ஒரு கணினியைப் பழக்கினார்கள். யாரும் கைவைக்காத நிஜப் பூனைப் படங்களைக் காட்டியபோது, அது பெரும்பாலும் சரியாகவே ‘பூனை’ என்றது. அப்படியானால் நம் கண்ணுக்குப் படாத அந்தத் திருத்தத்தில் பூனையின் நிஜ அடையாளம் ஏதோ இருந்திருக்கிறது.