ஆழம் மட்டும் அமைதி தராது: சுரங்கத்தில் நில அதிர்வை அளப்பது

ஈர்ப்பலைக் காணியை (விண்வெளியிலிருந்து வரும் ஈர்ப்பலைகளை, தொங்கவிட்ட ஆடிகளின் நுண்ணிய அசைவால் உணரும் கருவி) சுரங்கத்துக்குள் இறக்கிவிட்டால் நில இரைச்சல் தானாக அடங்கிவிடும் என்று நினைக்கிறார்கள். பாதிதான் சரி. நிலப்பரப்பை ஒட்டி ஓடும் ரேலே அலை, தன் அலைநீளத்தோடு ஒப்பிடத்தக்க ஆழத்தில்தான் தேயும். அதன் வேகத்தை நொடிக்கு 3 கி.மீ. என்று வைத்துக்கொண்டால், 5 ஹெர்ட்ஸில் அலைநீளம் 600 மீட்டர். அங்கே 200 மீட்டர் ஆழம் கைகொடுக்கும். 0.2 ஹெர்ட்ஸிலோ அலைநீளம் 15 கி.மீ. கடலலைகள் கிளப்பும் அந்த அதிர்வுக்கு 200 மீட்டர் ஒரு பொருட்டே இல்லை. ஜப்பானின் கமியோகா மலைக்குள் இருக்கும் காக்ரா என்ற ஈர்ப்பலைக் காணியையும் அது விடுவதில்லை.

பாறை அதிரும்போது அதன் ஈர்ப்பும் மாறி, காணியின் ஆடியை நேரடியாக இழுக்கும். இந்த நியூட்டன் இரைச்சலை எந்தத் தொங்கலாலும் தடுக்க முடியாது. சுமார் 3 ஹெர்ட்ஸிலிருந்தே கேட்க நினைக்கும் ஐன்ஸ்டைன் தொலைநோக்கிக்கு (ஐரோப்பா திட்டமிடும் நிலத்தடி ஈர்ப்பலைக் காணி) இடம் தேடுகையில் நில அளவீடு இவ்வளவு முக்கியமாவது அதனால்தான்.

பெரும்பாலான தவறுகள் நில அதிர்வை அளக்கும் கருவியை வைக்கும் இடத்தில்தான் நடக்கின்றன. சுரங்கம் தோண்ட வைத்த வெடியால் தளர்ந்த பாறையைப் பெயர்த்து எடுத்துவிட்டு, திடப்பாறை மீதே மெல்லிய கான்கிரீட் போட்டு, அதன் மேல் கிரானைட் பலகை பதிக்க வேண்டும். கான்கிரீட் இறுகி முடியும்வரை வரும் தரவை நம்ப வேண்டாம். விறைப்பான கேபிள் கருவியைச் சாய்க்கும். அருகிலேயே ஒரு வளையம் விட்டுக் கட்டுங்கள். கிடைத்திசையில் 1 நானோரேடியன் சாய்வே நொடிவர்க்கத்துக்குச் சுமார் 10 நானோமீட்டர் பொய் முடுக்கமாகத் தெரியும். காற்றோட்டமும் வெப்பமாற்றமும் இதே வேலையைச் செய்யும் என்பதால் வெப்பக்காப்புப் பெட்டி கட்டாயம். மூடிய பிறகு சில நாள் பொறுத்து, கருவிக்குள் தொங்கும் எடை நடுநிலையில் இருக்கிறதா என்று மீண்டும் பாருங்கள்.

மின்விசிறி, நீர் பம்பு இரண்டும் சுரங்கத்தின் தீராத தலைவலி. நிமிடத்துக்கு 1,500 சுற்று ஓடும் மோட்டார் 25 ஹெர்ட்ஸில் கூர்மையான கோடு போடும்; அது எளிதில் அடையாளம் தெரியும். காற்றுக்கதவு திறந்து மூடும்போது வரும் அழுத்தமாற்றம் அப்படியல்ல, தாழ் அதிர்வெண்ணில் பரவலாகக் கலந்துவிடும். பக்கத்தில் நுண்காற்றழுத்தமானி வைக்காவிட்டால் அதைப் பிரித்தறிய வழியில்லை. (விசிறியை நிறுத்திப் பார்ப்பது பாதுகாப்பு அதிகாரியின் அனுமதியோடு மட்டும்.)

கருவியின் சொந்த இரைச்சலை அறிய, ஒரே வகைக் கருவிகள் மூன்றை ஒரே பலகையில் அருகருகே ஓடவிட்டு, மூன்றுக்கும் பொதுவான பகுதியைக் கழியுங்கள். ஜி.பி.எஸ். உள்ளே எட்டாது, நேரக்குறியை மேலிருந்து ஃபைபர் வழியாக இறக்க வேண்டும். 1 மில்லிநொடிப் பிழை 10 ஹெர்ட்ஸில் 3.6 பாகைக் கட்டப்பிழை (அலைச்சுழற்சியில் எந்த இடம் என்பதில் வரும் பிழை). பல கருவிகளைச் சேர்த்து நியூட்டன் இரைச்சலைக் கழிக்கப் பார்க்கும்போது இது உறைக்கும்.

திறனடர்த்தியை (ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் அதிர்வின் வலிமை) சராசரியாக மட்டும் தராதீர்கள். தொலைவில் நடந்த ஒரு நிலநடுக்கமே அதைத் தூக்கிவிடும். 10, 50, 90 சதமானங்களை (அளவீடுகளில் அத்தனை சதவீதம் எந்த மதிப்புக்குக் கீழே இருக்கிறது என்பதை) கொடுங்கள். அளவீடு ஓராண்டாவது ஓடட்டும். வட கோளத்தில் கடல் அதிர்வு குளிர்காலத்தில்தான் உச்சம், கோடைத் தரவை மட்டும் வைத்துப் பார்த்தால் எந்த இடமும் அமைதியானதாகத் தோன்றிவிடும்.