லாக் இன்: 'பதிவு செய்' அல்ல, 'உள்நுழை'

'லாக் இன்' என்பதற்குப் 'பதிவு செய்க' என்று எழுதுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். செயலிக்குச் செயலி பார்த்துச் சலித்துவிட்டது.

சொல்லின் கதை சுருக்கமானது. லாக் என்றால் மரக்கட்டை. கயிற்றில் கட்டிய கட்டையைக் கடலில் வீசி, குறித்த நேரத்துக்குள் எத்தனை முடிச்சுகள் ஓடின என்று எண்ணி, மாலுமிகள் கப்பலின் வேகத்தை அறிந்தார்கள். அதைக் குறித்துவைத்த ஏடு லாக்புக். ஏட்டில் குறிப்பதற்கே பிறகு 'லாக்' என்பது வினைச்சொல்லானது. 1960களில் ஒரே கணினியைப் பலர் பகிர்ந்தபோது, அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் அதற்காக உருவாக்கிய சிடிஎஸ்எஸ் என்ற இயங்குதளத்தில் 'லாகின்' ஒரு கட்டளையாக இருந்தது.

சரி, வேரில் 'பதிதல்' இருக்கிறதே என்பார்கள். இருக்கட்டும். இன்று அந்தச் சொல் செய்யும் வேலை வேறு: ஏற்கெனவே கணக்கு உள்ளவர் கடவுச்சொல் கொடுத்து உள்ளே போவது. புதுக்கணக்குத் தொடங்குவது 'சைன் அப்'. இரண்டு பொத்தானிலும் 'பதிவு செய்க' என்றே இருந்தால் என்ன ஆகும்? பழைய பயனர் ஒன்றை அழுத்தி, பெயர், கைபேசி எண் எல்லாம் நிரப்புவார். 'இந்த எண் ஏற்கெனவே பதிவு செய்யப்பட்டுள்ளது' என்று சிவப்பில் வரும். அது அவருக்கும் தெரியும். அதனால்தானே உள்ளே போகப் பார்த்தார்! போதாததற்கு, 'சேமி' என்று இருக்க வேண்டிய இடத்திலும் சிலர் 'பதிவு' என்றே போடுகிறார்கள்.

'லாக் இன்'னுக்குத் தமிழ் விக்கிப்பீடியா வழியே பரவிய 'புகுபதிகை' அக்கறையோடு உண்டாக்கிய சொல். புகுதல், பதிதல் இரண்டும் அதில் உண்டு. ஆனால் அது வினையாக ஓடவில்லை. 'புகுபதிந்தேன்' என்று யார் சொல்கிறார்கள்? ஒவ்வொரு முறையும் 'செய்' சேர்க்க வேண்டியிருக்கிறது. 'உள்நுழை' அப்படியல்ல: உள்நுழைந்தேன், உள்நுழைய முடியவில்லை, உள்நுழைந்ததும் காட்டு. நுழைவது என்றாலே உள்ளேதானே, 'உள்' எதற்கு என்று கேட்பவர்கள் 'உள்ளே நுழையாதே' என்று நாம் நாள்தோறும் சொல்வதை மறந்துவிடுகிறார்கள்.

இன்னொன்று: பொத்தானில் 'உள்நுழைவு' என்று பெயர்ச்சொல் வேண்டாம். அது பக்கத்தின் தலைப்புக்கு. பொத்தானுக்கு 'உள்நுழைக'. திரையைக் காட்டாமல் சொற்பட்டியலை மட்டும் அனுப்பி மொழிபெயர்க்கச் சொல்வதால்தான் இந்தக் குழப்பம் பாதி வருகிறது. மொழிபெயர்ப்பாளர்களே, திரையைக் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம், 'லாக் அவுட்'டுக்கு 'வெளியேறு' போதும். குழுவை விட்டு விலகுவதற்கும் அதே சொல்லை வைக்காமல் 'குழுவிலிருந்து விலகு' என்று பிரித்து எழுதுங்கள்.