கடல் ஓவியம் காய ஏன் இத்தனை நாள்?

“தென்னையும் அமைதியான கடலுமாக ஓர் எண்ணெய் ஓவியம் வாங்கினேன். ஒரு மாதம் ஆகியும் வானம் விரலில் ஒட்டுகிறது. கலப்படமா?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கலப்படமாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. எண்ணெய் வண்ணம் அப்படித்தான் காயும்.

துணி காயும்போது நீர் ஆவியாகி வெளியே போகிறது, எடை குறைகிறது. எண்ணெய் வண்ணத்திலோ காற்றின் ஆக்சிஜன் உள்ளே வருகிறது. எண்ணெய் வண்ணம் குழைக்கப் பெரிதும் பயன்படும் ஆளிவிதை எண்ணெயைக் கண்ணாடியில் மெல்லிசாகப் பூசித் தராசில் வைத்துப் பாருங்கள், இறுகும்போது எடை கூடும்!

தேங்காய் எண்ணெயில் வண்ணம் குழைத்தால் ஆயுளுக்கும் காயாது. அதன் கொழுப்பு அமிலங்களில், அதாவது எண்ணெயை ஆக்கும் நீண்ட கார்பன் சங்கிலிகளில், இரட்டைப் பிணைப்புகள் (இரு கார்பன்கள் இரண்டு பிணைப்புகளால் சேர்ந்திருக்கும் இடங்கள்) மிகக் குறைவு. ஆளிவிதை எண்ணெயில் ஏறத்தாழப் பாதி லினோலெனிக் அமிலம். 18 கார்பன் கொண்ட சங்கிலி, அதில் 3 இரட்டைப் பிணைப்புகள். அவற்றுக்கு நடுவே 11ஆவது, 14ஆவது கார்பன்கள் மாட்டிக்கொண்டு நிற்கின்றன. எனக்கு இந்த வேதியியலிலேயே மிகப் பிடித்த இடம் இதுதான். இருபுறமும் இரட்டைப் பிணைப்பு இருப்பதால் அங்குள்ள ஹைட்ரஜனின் பிடி தளர்ந்திருக்கிறது. ஒன்று கழன்றால் அங்கே ஓர் எலக்ட்ரான் ஜோடியில்லாமல் நிற்கும். உடனே ஆக்சிஜன் வந்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய கையோடு பக்கத்துச் சங்கிலியின் ஹைட்ரஜனைப் பிடுங்கும். இப்போது அந்தச் சங்கிலியில் ஓர் ஒற்றை எலக்ட்ரான். அங்கும் ஆக்சிஜன், மறுபடி பிடுங்கல். இப்படி ஆக்சிஜன் ஒட்டி உருவான பெராக்சைடுகள் (இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் ஒன்றோடொன்று இணைந்திருக்கும் சேர்மங்கள்) உடைய உடைய, சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைந்து வலையாகிவிடும். நிறத்துகள்கள் அதில் சிக்கி அப்படியே நின்றுவிடும். அடுப்புக்கு மேல் சுவரில் படியும் சூரியகாந்தி எண்ணெய்ப் பிசுக்கு தேய்த்தாலும் போகாததும் இதனால்தான்.

சரி, வானம் மட்டும் ஏன் ஒட்டுகிறது? வெள்ளை வண்ணம் பழுப்பாகக் கூடாது என்று அதைப் பெரும்பாலும் குசும்பப்பூ எண்ணெயில் அரைப்பார்கள். அதில் அதிகம் இருப்பது லினோலெயிக் அமிலம். அங்கே 3 இல்லை, 2 இரட்டைப் பிணைப்புகள்தான். நடுவில் மாட்டிய கார்பனும் ஒன்றுதான். வானத்தில் வெள்ளை அதிகம், அதனால் தாமதம். கோபால்ட் நீலம் பூசிய கடல் முன்னமே காய்ந்திருக்கும், பெராக்சைடுகளைக் கோபால்ட் வேகமாக உடைக்கும்.

ஓவியர் கமில் பிசாரோ கரீபியன் கடலின் செயின்ட் தாமஸ் தீவில் பிறந்தவர். 1855இல் பாரிஸுக்குப் போனபின், 1856இல் அந்தத் தீவின் கடற்கரையில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு நிற்பதை வரைந்தார். வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கும் அந்தக் கடலை இன்றும் பிடித்து வைத்திருப்பது ஆக்சிஜன் கட்டிய வலைதான். அந்த வலை முதுமையடையும் விதத்தை ஆராய நம் அருங்காட்சியகங்களுக்கு இன்னும் நிறைய நிதி வேண்டும். வேதியியலாளர் இல்லாமல் ஓவியத்தைக் காப்பாற்ற முடியாது.

பளபளப்புக்காக ஓவியத்தில் தேங்காய் எண்ணெய் தடவச் சொல்பவர்களை நம்பவே நம்பாதீர்கள். அது காயாது, தூசியைத்தான் சேர்க்கும். துணி சுற்றி அலமாரியிலும் வைக்க வேண்டாம், இருட்டில் எண்ணெய் மஞ்சளாகும். பெட்டியில் அடைபட்டு மஞ்சளான ஓவியத்தை வெயிலில் வைக்கச் சொல்லி 17ஆம் நூற்றாண்டிலேயே ஓவியர் ரூபன்ஸ் கடிதம் எழுதியிருக்கிறார். உங்கள் ஓவியத்துக்கு வெளிச்சமும் காற்றோட்டமும் உள்ள சுவர் போதும். வார்னிஷ் அடிப்பதை ஆறு மாதம், ஒரு வருடம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.